மூணு மூலைக் கண்ணாடி

ஏனுங்க, சித்த அந்தால நகந்து உக்காந்துக்கறீங்களா? கோவிச்சுக்காதீங்க. மடியில இருக்கறது கண்ணாடி. ஆமாங்க, கண்ணாடியேதான். பழைய போர்வையில சுத்தி நெஞ்சோட அணைச்சுட்டு ஏறுனனா, ஈரோடு பஸ் ஸ்டாண்டுல ஒரு அம்மா எந்திரிச்சு இந்த எடத்தைக் குடுத்துச்சு. கைக்கொழந்தைன்னு நெனச்சிருக்கும் பாவம். நானும் இல்லீங்கன்னு சொல்லலை. மூஞ்சியை இப்படி மூடியிருக்கீங்களே, மூச்சு முட்டாதான்னு கேட்டுச்சு. தூங்குதுங்கன்னு சொல்லிப்போட்டு உக்காந்துட்டேன். பள்ளிபாளையத்துல அது எறங்கற வரைக்கும் நான் இதைத் தட்டிக் குடுத்துட்டே வந்தேன்.

வீட்டுக் கண்ணாடி இல்லீங்க, கார் கண்ணாடி. முன்னால பெருசா இருக்குமே, அது இல்லை. கதவுல ஏத்தி எறக்கறதும் இல்லை. பின் கதவுக்கும் பின்னால, டிக்கிக்கு முன்னால, மூணு மூலையா ஒண்ணு இருக்கும் பாருங்க. அது தொறக்காது, அசையாது. அது எதுக்கு அங்க இருக்குதுன்னு யாரும் யோசிச்சிருக்க மாட்டாங்க. உடைக்கற வரைக்கும் நானும் யோசிச்சதில்லை. ஆமாங்க, பழசை உடைச்சது நாந்தான், இது அதுக்குப் பதிலா மாட்டறதுக்கு. என்ற காரா? எனக்கெங்கீங்க காரு. என்ற தங்கச்சி வீட்டுக்காரரோட காரு.

எம்பேரு அர்த்தநாரி. ஈரோட்டுல டைலர் கடை வெச்சிருக்கேன். ஆம்பளைத் துணி மட்டும். தங்கச்சி பேரு பூங்கொடி. சங்ககிரியில கட்டிக் குடுத்திருக்குது. மாப்ள பேரு கிருபாகரன், நூல் யாவாரம். தங்கமான மனுசன். அதாவது, அந்தக் கண்ணாடி உடையற வரைக்கும் தங்கமான மனுசன்னுதான் நெனச்சுட்டிருந்தேன்.

நீங்களே சொல்லுங்க. உள்ளங்கை மாதிரி ரெண்டு வெச்சா மறைஞ்சு போற கண்ணாடி. இதுக்காக ஒரு தங்கச்சி கூடப்பொறந்த அண்ணங்கிட்டப் பேசாம இருப்பாளா? சித்திரையில உடைஞ்சுது, இப்ப ஆவணி. நடுவுல ஆடி நோம்பிக்குக்கூட அவ எங்க வீட்டுக்கு வரலை. நான் அங்க போனாக் காபி வருது, பலகாரம் வருது, பேச்சு மட்டும் வரமாட்டேங்குது. வாண்ணா, சாப்புடுண்ணா, போய்ட்டு வாண்ணா. அம்புட்டுத்தான். முந்தியெல்லாம் நான் செருப்பைக் கழட்டறதுக்குள்ள ஒரு வாரத்துக் கதையைச் சொல்லி முடிச்சுருவாளுங்க. எனக்கு அது நெம்ப வருத்தம். வெளிய சொல்லிக்கறதில்லை. உங்ககிட்டச் சொல்றேன், நீங்க யாரோ எவரோ.

இருங்க, முதல்லருந்து சொல்றேன். நான் வெப்படையில எறங்கணும், அதுவரைக்கும் நேரமிருக்குது.

தங்கச்சிக்கு ஒரே பொண்ணுங்க, நேத்ரான்னு பேரு. அதுக்குச் சித்திரையில மொட்டையடிச்சுக் காதுகுத்து வெச்சாங்க. மாப்ள வீட்டுக் குலசாமி கோயில்ல. காதுகுத்துன்னா யாருங்க முக்கியம்? தாய்மாமன். சாமிக்கு அடுத்தபடி நாந்தான். அன்னிக்கு ஒரு நாளைக்குச் சாமியே எனக்கு அடுத்தபடிதான்னு நானா நெனச்சுக்கிட்டேன். தாய்மாமன் மடியில வெச்சுத்தான் கொழந்தைக்குக் குத்தணும். பூங்கொடிக்குக் கூடப்பொறந்தது நான் ஒருத்தந்தான். அப்ப எனக்கு எம்புட்டு மரியாதைன்னு பாத்துக்கோங்க.

சீரு செய்யணுமில்லீங்களா, தோடு ஒரு ஜோடி எடுத்திருந்தேன். செகப்புக் கல்லு வெச்சு, அடியில முத்துத் தொங்கறது. இதைக் கொழந்தை காதுல மாட்டுனா காது முழங்கால் வரைக்கும் வந்துரும்னு என்ற சம்சாரம் சொன்னா. அவளுக்கென்னங்க தெரியும். நான் என்ன போடறதுக்கா எடுத்தேன், நாலு பேரு பாக்கறதுக்கு எடுத்தேன். அதுவுமில்லாம குத்தற அன்னிக்குத் தோடே தேவையில்லீங்க. ஆசாரி சன்னமா ஒரு தங்கக் கம்பியைக் குத்தி வளைச்சு விட்ருவாரு. புண்ணு ஆறுன பொறகுதான் தோடெல்லாம். அதெல்லாம் எனக்குத் தெரியும். இருந்தாலும் தட்டுல தோடு இல்லாமத் தாய்மாமன் வந்தான்னு ஒரு பேச்சு வரக்கூடாது பாருங்க.

அன்னிக்குக் காலையில மாப்ள எங்கிட்டக் கார்ச் சாவியைக் குடுத்து, மச்சான், நாங்க முன்னால போறோம், நீங்க சீர்த்தட்டெல்லாம் எடுத்துட்டுக் கார்ல வந்துருங்கன்னாரு. எனக்கு லைசென்ஸ் வந்த புதுசு. ஆட்டோவுல வந்து எறங்கற தாய்மாமன் வேற, தானே காரோட்டிட்டு வர்ற தாய்மாமன் வேற இல்லீங்களா? வர்ற வழியில நிறுத்தி, கண்ணாடியெல்லாம் ஈரத்துணி வெச்சுத் தொடைச்சேன். உள்ள இருக்கறது நாந்தான்னு நல்லாத் தெரியணுமே.

மாமியாரம்மா பின்னால உக்காந்து வந்துச்சு. மாப்ளயோட அம்மா. கோயில்ல வண்டியை வேப்பமரத்தடியில நிறுத்துனதும் அது அந்தப் பக்கமா எறங்கிக் கதவைச் சாத்திட்டுப் போயிருச்சு. நானும் எறங்குனேன். பழைய மாடல் வண்டிங்க, ஒவ்வொரு கதவுக்கும் தனித்தனியாக் குமிழ் இருக்கும். அதை அமுக்கிக் கைப்புடியைத் தூக்கிப் புடிச்சுட்டே சாத்துனாப் பூட்டிக்கும். ஸ்டைலா அப்படிச் சாத்திப்போட்டு, கூலிங் கிளாஸைப் போட்டுட்டு நடந்தேன். கோயில் வாசப்படியில காலை வெக்கறப்பத்தான் கை லேசா இருக்கறது தெரிஞ்சுது. தட்டு இல்லை. சாவியும் இல்லை.

திரும்பிப் போய்ப் பாக்கறேன். தட்டெல்லாம் பின் சீட்டுல வரிசையா இருக்குது. தோட்டுப் பெட்டி தொறந்தபடிக்கு மேல இருக்குது. சாவி முன்னால தொங்குது. எல்லாம் பளிச்சுனு தெரியுது. கண்ணாடியைத்தான் அம்புட்டுச் சுத்தமாத் தொடைச்சிருந்தேனே. இன்னொரு சாவி சங்ககிரி வீட்டுல, பீரோவுக்குள்ள. போய்ட்டு வர்றதுக்குள்ள நல்ல நேரம் முடிஞ்சுரும்.

எங்க சனத்துல ஒரு வண்டி நின்னுட்டாப் போதுமுங்க, எல்லாரும் மெக்கானிக். ஒருத்தர் ஸ்கேல் கொண்டா, உள்ள விட்டு நெம்பலாங்கறாரு. ஒருத்தர் கம்பி கொண்டாங்கறாரு. பந்தல்காரன் பந்தல் கம்பியையே புடுங்கிட்டு வந்துட்டான். அப்பத்தான் பூங்கொடி முதல் தடவை வெளிய வந்தா. ஏண்ணா, ஆசாரி வந்து உக்காந்துட்டாரு, தட்டு கெடந்தாக் கெடக்குது, நீ வாங்கறா. அதெப்படி அம்மிணி, அண்ணன் வந்தாத் தோட்டோடதான் வருவேன், நீ போன்னு சொன்னேன். சுத்தி இருந்தவங்க எல்லாம் பாத்தாங்க. நல்லாத்தான் இருந்துச்சு.

கண்ணாடியை உடைச்சுரலாம்னு முடிவாச்சு. எதை உடைக்கறது? இருக்கறதுலயே சின்னதை உடைங்க, செலவு கம்மின்னு அத்தனை பேரும் சொல்றாங்க. எனக்கும் அதுதான் சரின்னு பட்டுச்சு. நான் துணிக்காரனுங்க. துண்டு சின்னதுன்னா வெலை கம்மி. கண்ணாடியும் அப்படித்தான இருக்கும்? அப்பறமாக் கார் கண்ணாடிக் கடைக்காரரு சொல்றாரு, கதவுக் கண்ணாடின்னா எந்தக் கடையிலயும் கெடைக்கும், அரை மணி நேரத்துல மாட்டிரலாம், இந்த மூணு மூலையை எவனும் வாங்கி வெக்க மாட்டான், பசை போட்டு ஒட்டறது, உடைக்கறதுக்குன்னே தேடிப்போய் இதை உடைச்சிருக்கீங்களேங்கறாரு.

எதை வெச்சு உடைக்கறதுன்னு பாத்தேன். அர்ச்சனைத் தட்டுல தேங்காய் இருந்துச்சு. எடுத்து ஓங்கி அடிச்சேன் பாருங்க. தேங்காய் ரெண்டா உடைஞ்சுது. கண்ணாடிக்கு ஒண்ணும் ஆகலை. பக்கத்துல நின்ன பெரியவரு, கோணாம உடைஞ்சிருக்குது, நல்ல சகுனம்னு சொல்லி மூடியை வாங்கி வெச்சுக்கிட்டாரு. தண்ணி பூரா என்ற வேட்டி மேல.

அப்ப ரெண்டாவது தடவை வந்தா பூங்கொடி. இடுப்புல கொழந்தை, மொட்டையடிச்சுச் சந்தனம் பூசியிருக்குது. அது என்னையப் பாத்ததும் மாமான்னு கையை நீட்டுது. அண்ணா, உன்னையத்தாண்ணா தேடுது, வேற யாருகிட்டயும் போகமாட்டேங்குது, நீ ஆளு மட்டும் வந்தாப் போதும்ங்கறா. கண்ணு கலங்கியிருக்குது அவளுக்கு. எம்மேல எம்புட்டுப் பாசம் பாத்தீங்களா? அதைப் பாத்ததும் எனக்கு இன்னும் ரோசம் வந்துருச்சு. இவளுக்காக இந்தத் தோட்டை எடுக்காம விடறதில்லைன்னு. இந்தா ஒரே நிமிசம் அம்மிணின்னு சொல்லிப்போட்டு, ஒரு ஆட்டோக்காரன்கிட்ட ஸ்பேனரை வாங்கி ஒரே போடு.

பொலபொலன்னு கொட்டிருச்சு. சனமெல்லாம் கையைத் தட்டுச்சு, மெய்யாலுமேங்க. ஓட்டைக்குள்ள கையை விட்டேன். உள்பக்கமா வளைச்சு, பின் கதவுக் குமிழை எடுத்து விட்டாப் போதும். கை போச்சு, முழங்கை போச்சு. குமிழும் விரல்ல பட்டுச்சு. ஆனா மேல் கை போகலை. போகலைன்னா உள்ளயும் போகலை, வெளியயும் வரலை. உக்காந்து தைக்கற ஒடம்புங்க, எல்லாம் இங்கதான் ஏறியிருக்குது. பொடிக் கண்ணாடி சுத்தியும் குத்துது. ஒருத்தர் ஓடிப்போயி வெளக்குக்கு வெச்சிருந்த எண்ணெயைக் கொண்டாந்து தோள்ல ஊத்துறாரு. குலசாமிக்கு வெச்ச எண்ணெய்ல எனக்கு அபிசேகம்.

மூணாவது தடவையும் வந்தாளுங்க. கிட்ட வரலை. தூரத்துல நின்னா.  கீழ நொறுங்கிக் கெடந்த கண்ணாடியைப் பாத்தா, என்னையப் பாத்தா, திரும்பி உள்ள போய்ட்டா. அப்பவே எனக்குப் புரிஞ்சு போச்சு. கண்ணாடி உடைஞ்சதுல மனசு விட்டுப் போச்சுன்னு.

கொஞ்ச நேரத்துல உள்ளருந்து வீல்னு ஒரு சத்தம். கொழந்தைக்குக் குத்திட்டாங்க. நான் காருக்குள்ள கையை விட்டுட்டு நிக்கறேன். எனக்குப் பொக்குனு போச்சுங்க. 

இன்னொண்ணு சொல்லணும், சிரிக்காதீங்க. சிரிச்சாலும் பரவாயில்லை. அந்த நேரத்துல மாமியாரம்மா வெத்தலைப் பையைத் தேடிட்டு வருது. கூட்டம் எல்லாம் நான் நிக்கற பக்கம். அது நேரா மறுபக்கமாப் போயி, கதவைத் தொறந்து, பையை எடுத்துட்டுக் கதவைச் சாத்திட்டுப் போகுது. அந்தப் பக்கக் கதவு பூட்டவேயில்லீங்க. அத்தனை மெக்கானிக்கு நின்னாங்களே, ஒருத்தனுக்காவது சுத்திப் போயி இழுத்துப் பாக்கணும்னு தோணுச்சா? எனக்கே தோணலையே, அவங்களைச் சொல்லி என்ன.

தட்டைத் தூக்கிட்டு உள்ள ஓடுனேன். கையெல்லாம் எண்ணெய், வேட்டியெல்லாம் தேங்காய்த் தண்ணி. பாத்தா, கொழந்தை லோகநாதன் மடியில உக்காந்திருக்குது. எங்க சித்தப்பா மகன். அவனும் தாய்மாமன் மொறைதான், ஆனா அவன் என்னங்க கொண்டாந்தான்? கையை வீசிட்டு வந்தான். சீரில்லை, தட்டில்லை, ஒண்ணுமில்லை. அங்க சும்மா உக்காந்திருந்தான், அதுக்காக அவன் மடியில வெச்சுட்டாங்க. வெளிய அம்புட்டுப் பாடுபட்ட எனக்கு ஒண்ணுமில்லை. போட்டோக்காரன் என்னையப் பாத்து, அண்ணா, சித்த ஒதுங்குங்க, மறைக்குதுங்கறான்.

எனக்கு ஆத்தாமையா இருந்துச்சு. சபையில எல்லாரும் கேக்கற மாதிரிச் சொன்னேன். மாப்ள, அந்தக் கண்ணாடியை நான் மாத்தித் தர்றேன், நீங்க அதுல கை வெக்கக்கூடாது, வேற எந்தக் கடைக்கும் வண்டியை விடக்கூடாதுன்னு. மாப்ள சொன்னாரு, கண்ணாடி போனாப் போகுது மச்சான், நீங்க உள்ள வந்திருக்கலாமேன்னு. அதுக்கு என்னங்க அர்த்தம்? கண்ணாடியை உடைக்காம உள்ள வந்திருக்கலாமேங்கறாரு. நாசூக்காச் சொல்றாராம். பெரிய மனுசங்க கோவம் அப்படித்தான் இருக்கும்.

அன்னிக்கிருந்து இந்தக் கண்ணாடிதான் எனக்கு வேலை. புதுசு எங்கயும் இல்லை. பழைய வண்டியை உடைச்சு விக்கறாங்களே, அங்கதான் தேடணும்னாங்க. சரின்னு சங்ககிரி போயி, ஓட்டை மேல காலண்டர் தாளை வெச்சு அளவு வெட்டுனேன். கத்திரியைப் புடிச்சா எனக்கு ஒரு பெருமை வந்துரும். சுத்தமா, வளைவெல்லாம் அப்படியே வெட்டுனேன். அந்தத் தாளைக் காட்டி ஒரு கண்ணாடி வாங்கிட்டுப் போயி வெச்சா, சுத்தியும் அரை இஞ்சு பெருசு. வேற மாடல் கண்ணாடி. என்னன்னு பாத்தா, பழக்க தோசத்துல தையலுக்கு விட்டு வெட்டியிருக்கேன். சட்டைன்னா மடிச்சுத் தைச்சுரலாம். இதை எங்க மடிக்கறது?

மறுபடியும் தாள் வெட்டுனேன். இந்தத் தடவை தையலுக்கு விடலை. கடைக்காரரு தாளை வாங்கி ஒரு கண்ணாடி மேல வெச்சாரு, கனகச்சிதம். நூல் புடிச்ச மாதிரி. எனக்குச் சந்தோசம் தாங்கலை. பஸ்ஸுல இதே மாதிரி மடியில வெச்சுட்டுப் போனேன். போயி வெச்சா, மூக்கு அந்தப் பக்கம் திரும்பி இருக்குது. இடது பக்கக் கண்ணாடிங்க அது. நமக்கு வேண்டியது வலது. சட்டைக்கு முன்பக்கம் ஒண்ணுக்குத் தாள் வெட்டுனாப் போதும், திருப்பிப் போட்டா மறுபக்கத்துக்கும் ஆச்சு. ஆயுசு பூரா அப்படித்தான் வெட்டியிருக்கேன். கடைக்காரரு தாளைத் திருப்பிப் போட்டு அளந்திருக்காரு, நானும் தலையாட்டியிருக்கேன். சரி, கண்ணாடியையும் திருப்பிப் போட்டு மாட்டிரலாம்னு பாத்தேன். அதுக்கு வெளிப்பக்கமா ஒரு தொப்பை இருக்குதுங்க. திருப்புனா உள்ள குழி விழுந்து நிக்குது. மாப்ள வேற பக்கம் பாத்துட்டு நின்னாரு. தோள் குலுங்குச்சு. கோவத்துல குலுங்குச்சா என்னன்னு நான் கேக்கலை.

அதுகூடப் பரவாயில்லீங்க. அந்த ஓட்டையை அடைச்சிருக்காங்க பாருங்க, அதுதான் எனக்குத் தாங்கலை. காதுகுத்துக்கு வாசல்ல கட்டுன பிளெக்ஸை வெட்டி ஒட்டியிருக்குது. அம்மாம்பெரிய பிளெக்ஸ். அதுல சாமி படம் இருக்குது, மாப்ள சொந்தக்காரங்க பூரா இருக்காங்க, ரோசாப்பூ இருக்குது. அதையெல்லாம் விட்டுப்போட்டு என்ற மூஞ்சியை வெட்டி ஒட்டியிருக்காங்க. காலரு வரைக்கும். நான் பல்லைக் காட்டிட்டுச் சங்ககிரி பூராச் சுத்தறேன். நூல் மில்லுக்குப் போறேன், சந்தைக்குப் போறேன், மழையில நனையறேன். யாரு ஒட்டுனதுன்னு கேட்டேன். பூங்கொடிதான் பாத்து வெட்டுனான்னு மாப்ள சொல்றாரு. கொழந்தை கார்ல ஏறும்போதெல்லாம் அதைத் தொட்டு மாமான்னு சொல்லுதாம். அதனால கண்ணாடிக்கு ஒண்ணும் அவசரமில்லை மச்சாங்கறாரு. பாத்தீங்களா, எப்படிக் குத்திக் காட்டறாங்கன்னு? வாய்விட்டு ஒரு திட்டுத் திட்டியிருந்தாத் தேவலை.

இப்ப எதுக்குப் போறேங்கறீங்களா? அதைத்தான் சொல்ல வந்தேன். கொழந்தைக்கு ஒரு பக்கக் காது சீப்புடிச்சு, கம்பியைக் கழட்டிப் போட்டாங்களாம். ஓட்டை தூந்து போச்சாம். இன்னிக்கு வீட்டுலயே வெச்சு மறுபடியும் குத்தறாங்க. முந்தாநாள் பூங்கொடியே போன் பண்ணுனா. என்னைக்கும் இல்லாம அவளாப் பேசுனா. அண்ணா, யாரையும் கூப்புடலை, சீரு செனத்தி ஒண்ணும் கொண்டாராத, நேரா வீட்டுக்கு வந்துருன்னா. போனை வெச்சதும் எனக்கு அழுகையே வந்துருச்சுங்க. கடையில வாடிக்கைக்காரர் நின்னாரு, அளவு டேப்புலயே கண்ணைத் தொடைச்சுக்கிட்டேன்.

அப்பவே முடிவு பண்ணிட்டேன். இந்தத் தடவை குறையில்லாமப் போகணும்னு. அலைஞ்சு திரிஞ்சு சரியான கண்ணாடியைப் புடிச்சுட்டேன். வலது பக்கம். தாள்ல எது மேல்பக்கம்னு எழுதி, எது வெளிப்பக்கம்னு தெரியறதுக்கு பிளெக்ஸுல இருக்கற என்ற மூஞ்சியையும் வரைஞ்சு கொண்டுபோனேன். வெப்படையில ஒட்டறவரு இருக்காரு. அங்க எறங்கி, அவரைப் பசை, ரப்பரோட கையோட கூட்டிட்டுப் போயி, கண்ணாடியை மாட்டிப்போட்டு, அப்பறம் நெஞ்சை நிமுத்திட்டு வீட்டுக்குள்ள போவேன். அவரு கடை தொறக்கக் கொஞ்சம் முன்னப்பின்ன ஆகும். ஆனா என்ன, எனக்காகக் காத்திருப்பாங்க.

என்னங்க கேட்டீங்க? பஸ் சத்தத்துல கேக்கலை.

அன்னிக்கு எதுக்குக் கூப்புட்டாளா? யாரு, பூங்கொடியா? என்னங்க இப்படிக் கேக்கறீங்க. காது குத்தறதுக்குத்தான். ஆசாரி வந்து உக்காந்துட்டாரு, வந்து கொழந்தையை மடியில வெச்சுக்கோன்னு. மூணு தடவை வந்தாளே, அதுக்குத்தான். தோடு இல்லாம எப்படிங்க நான்… இல்லீங்க, தோடு அன்னிக்கு வேண்டாம், கம்பிதான். சொன்னனே. அது ஆசாரிகிட்டவே இருக்கும். தட்டு கெடந்தாக் கெடக்குதுன்னுதான் சொன்னா. ஆளு மட்டும் வந்தாப் போதும்னா.

அவ தோட்டைக் கூப்புடலீங்க.

என்னையத்தான் கூப்புட்டா.

சித்த இருங்க. போன் அடிக்குது. இதைக் கொஞ்சம் புடிங்க, மெதுவா, மூக்கு மேல பாத்து இருக்கட்டும்… அலோ. சொல்லு அம்மிணி. பஸ்ஸுலதான் வர்றேன். வெப்படை வரப்போகுது. ஆசாரி வந்துட்டாரா? கொழந்தை என்ன பண்ணுது? … வாசல்ல நிக்குதா? எதுக்கு வெயில்ல நிறுத்தறீங்க? … ஓ. … இல்லை, இல்லை. எதுவும் கொண்டாரலை. நாந்தான் வர்றேன். நான் மட்டும்.

… வெச்சுட்டா.

நான் பஸ் ஏறிட்டேன்னு சொன்னதுல இருந்து கொழந்தை வாசல்லயே நிக்குதாமுங்க, ஒவ்வொரு பஸ்ஸு சத்தத்துக்கும் மாமா மாமாங்குதாம். பூங்கொடி பேசுனது பழைய மாதிரி இருந்துச்சு. நீங்க கேட்டிருக்கணும்.

வெப்படை வந்துருச்சுங்களா? ஆமா, அந்தா தெரியுது பாருங்க கடை, ஷட்டரு பாதி தொறந்திருக்குது. அவருதான் நிக்கறாரு. கையைக் காட்டறாரு, என்னைய எதிர்பாத்துட்டு நிக்கறாரு.

எறங்கறவங்களுக்கு வழி விடுங்க. நான் எறங்கலை. கண்ணாடி எங்க போகப்போகுது, அது அசையாத கண்ணாடிதான. அதுவுமில்லாம இதை மாட்டிட்டா அந்தப் பிளெக்ஸை எடுத்துருவாங்களேங்க.

ஏனுங்க கண்டக்டரே, சங்ககிரிக்கு ஒரு டிக்கெட்டு குடுங்க. ஆமாங்க, வெப்படைக்குத்தான் எடுத்தேன். அட, கோவிச்சுக்காதீங்க. எங்க போறோம்னு ஏறும்போதே தெரியாதாங்கறீங்க, நாயந்தானுங்க.

தெரியலீங்க. இப்பத்தான் தெரிஞ்சுது.